பதினைந்து ஆம்பியர்

“இந்த ஃபியூஸ் சரியில்லை,” என்றார் தனிஸ்லாஸ்.

உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நான்கு நீல ஃபியூஸ்கள். நான்கிலும் நடுக்கம்பி கருகி அறுந்திருந்தது.

இசக்கியம்மாள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நல்லாத்தானே இருக்கு.”

“போயிருக்கும்மா.”

“ஆமா. நல்லாப் போயிருக்கு.”

தனிஸ்லாஸ் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தேகால்.

தூத்துக்குடியில் பாளையங்கோட்டை ரோட்டில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருந்தது அந்தக் கொட்டகை. இசக்கியம்மாள் கார் எலக்ட்ரீஷியன். அதற்கு முன் பத்து வருஷம் ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்தியவர். நாற்பத்திரண்டு வயதாகிறது. தன்னைவிடப் பெரியவர்களும் அவரை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

வந்த வண்டியை அவர் தொடமாட்டார். வண்டிக்காரர்தான் ஸ்பானரைப் பிடிக்க வேண்டும், அவர்தான் குனிய வேண்டும். வாத்தியாரம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். வேலை கெட்டால் வசவு கிடைக்கும். சரியாக வந்தால் ஒன்றும் கிடைக்காது.

தனிஸ்லாஸுக்கு ஐம்பத்தாறு வயது. காருக்குப் பதினெட்டு. அதிலிருந்த கேசட் செட்டு செத்து ரொம்ப நாளாகிவிட்டது. போன வாரம் பஜாரில், இருப்பதிலேயே விலை குறைந்த ப்ளூடூத் செட்டு ஒன்றை வாங்கி, போனில் வீடியோ பார்த்து, தானே மாட்டினார்.

செட்டு பாடியது. தெருமுனை வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியதும் நின்றுபோனது.

ஃபியூஸை மாற்றினார். பாடியது. நின்றது. மறுபடி மாற்றினார்.

“பச்சை இருந்தா குடும்மா. முப்பது ஆம்பியர். அது தாங்கும்.”

“ஃபியூஸ் தாங்கும். வயரு?”

தனிஸ்லாஸ் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

இசக்கியம்மாள் பச்சை ஃபியூஸைத் தேடப் போகவில்லை. இன்றைக்கே என்ன அவசரம் என்று கேட்டார்.

அவசரம்தான். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். மகள் ரெனிட்டாவை மதுரை விமான நிலையத்தில் விட வேண்டும். நர்ஸ் வேலை, அயர்லாந்து, மூன்று வருஷம். இடையில் வருவாளா என்று கேட்டதற்குத் தெரியாது என்றுவிட்டாள்.

“அதுக்குப் பாட்டு எதுக்கு?”

தனிஸ்லாஸ் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு சொன்னார். ரெனிட்டா எட்டு மாதத்துக்கு முன்பு ஒரே ஒரு பையோடு புருஷன் வீட்டிலிருந்து வந்துவிட்டாள். நாலு பேர் கேட்கிறார்கள். ஒரு தடவை போய் மாப்பிள்ளையோடு பேசிப் பார் என்று இவர் சொன்னார். பெரியவர்கள் சொல்வதுதானே, பக்குவமாகத்தான் சொன்னார். சாப்பாட்டில் சொன்னார், கோயிலுக்குப் போகும்போது சொன்னார். போன மாதம் விசா வேலையாக மதுரைக்குப் போகும்போது காரில் சொன்னார். எட்டயபுரத்துக்குச் சாலை பிரியும் விலக்கில் வண்டி மெதுவானதும் அவள் கதவைத் திறந்து இறங்கி, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

இன்றைக்கு அம்மாவுக்காகத்தான் இவரோடு வரச் சம்மதித்திருக்கிறாள். அந்தப் பேச்சை எடுத்தால் வண்டி எங்கே இருந்தாலும் இறங்கிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை இறங்கினால் அவள் திரும்பி வரமாட்டாள். அது அவருக்குத் தெரியும்.

“ரெண்டேகால் மணி நேரம். பாட்டு ஓடினா என் வாய் சும்மா இருக்கும்.”

“அவ ஏன் வந்துட்டாளாம்?”

“என்னமோ சண்டை. யாரு வீட்டில இல்லை?”

இசக்கியம்மாள் கார்க் கதவைத் திறந்தார். குனிந்து ஸ்டீரிங்குக்குக் கீழே பார்த்தார்.

“இப்ப உள்ளே எந்த ஃபியூஸ் இருக்கு?”

தனிஸ்லாஸ் ஃபியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினார்.

ஐந்தாவதாகப் போனதையே சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றித் திரும்பச் செருகியிருந்தார். வீட்டிலிருந்து இங்கே வரும்வரை பாட்டு நிற்கவில்லை.

டயர் கடை சுடலை அங்கிருந்தே எட்டிப் பார்த்தார். “சிகரெட்டைப் பிடிச்சா நெஞ்சுதான் எரியும் அண்ணாச்சி. நீங்க வண்டிக்கே பத்த வச்சிட்டீகளே.”

“சுடலை, இங்க வா,” என்றார் இசக்கியம்மாள்.

பானெட்டைத் திறக்கச் சொன்னார். பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்பைத் தனிஸ்லாஸ் ஸ்பானரால் தளர்த்தினார். கழற்றவில்லை. சுடலை அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் சொன்னதும் அதைத் தூக்கு, கரண்ட் நிக்கணும் என்று அவருக்கு உத்தரவு.

“உள்ள உக்காருங்க அண்ணாச்சி. எஞ்சின் வேண்டாம். செட்டை மட்டும் போடுங்க.”

போட்டார். பழைய பாட்டொன்று ஓடியது. கீறல் இல்லை, இரைச்சல் இல்லை. தனிஸ்லாஸ் நிமிர்ந்து பார்த்தார். பார்த்தாயா என்கிற பார்வை.

“கதவைச் சாத்துங்க. தினமும் சாத்துற மாதிரி.”

ஓங்கிச் சாத்தினார். பாட்டு ஒரு கணம் விக்கித் தொடர்ந்தது.

“செட்டுக்கு மேல கையை வைங்க.”

வைத்தார். டாஷ்போர்டு வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் என்று நினைத்தார். பாட்டின் சரணம் முடிந்தது. உள்ளங்கைக்குக் கீழே வெதுவெதுப்பு சூடானது. வண்டி நின்றது கொட்டகையின் நிழலில்.

“வாத்தியாரம்மா, சுடுது.”

“பாட்டு?”

“பாட்டு ஓடுது.”

“ஓடட்டும்.”

ரப்பர் கருகும் வாடை வந்தது. செட்டின் ஓரத்து இடுக்கிலிருந்து புகை ஒரு நூல் போல எழுந்து கண்ணாடியில் முட்டிக் கலைந்தது. பாட்டு நிற்கவே இல்லை. குழல் வந்தது, குரல் வந்தது, எல்லாம் சுத்தமாக வந்தது.

“சுடலை,” என்றார் இசக்கியம்மாள்.

சுடலை கிளாம்பைத் தூக்கினார்.

பாட்டு நின்றது. புகை இன்னும் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது.

தனிஸ்லாஸ் வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரோட்டில், நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இது நடந்திருந்தால், பக்கத்தில் ரெனிட்டா.

இசக்கியம்மாள் அவரை ஆறுதல்படுத்தவில்லை.

“நாலு ஃபியூஸ் மாத்தினீங்க. செட்டை எத்தனை தடவை வெளியே எடுத்துப் பாத்தீங்க?”

“போனது ஃபியூஸ்தானே. அதைத்தானே மாத்தணும்?”

“எத்தனை தடவை?”

“ஒரு தடவைகூட இல்லை.”

“எடுங்க.”

மணி பத்தே முக்கால்.

திருகுகளைக் கழற்றினார். ஒன்று கை தவறி வண்டியின் கால்மிதிக்குக் கீழே ஓடியது. செட்டைப் பாதி இழுத்துவிட்டுத் தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தார்.

“பாதி இல்லை. முழுசா.”

முழுவதும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். டாஷ்போர்டில் செட்டு இருந்த இடத்தில் ஒரு பொந்து. அதற்குள் இரும்புக் கூடு. கூட்டின் விளிம்பில் மஞ்சள் வயர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்தார். ஓரிடத்தில், பயறு அளவுதான், தோல் உரிந்து செம்பு தெரிந்தது. சுற்றிலும் கறுப்பு.

செட்டை முதன்முதலில் செருகிய சாயங்காலம் அவருக்கு நினைவு வந்தது. கடைசி ஒரு விரற்கடை உள்ளே போகாமல் முட்டியது. ஏதோ தடுக்கிறது என்று தெரிந்தது. இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து அழுத்தினார். போய்விட்டது.

“இத்தனூண்டு இடம்,” என்றார்.

“ஒவ்வொரு குலுக்கலுக்கும் அதே இடத்திலதான் இரும்பு குத்தியிருக்கு. வண்டி எரியாம இருந்தது எதனாலே அண்ணாச்சி?”

தனிஸ்லாஸ் வயரை இடது கைக்கு மாற்றினார். சட்டைப் பையைத் தொட்டார். அந்த நாலு ஃபியூஸ்கள் அதில் கிடந்தன. எடுத்துப் பார்த்தார். வந்தபோது பார்த்த பார்வை இல்லை அது.

வயரைப் பிடித்த கை அப்படியே நின்றது. ஒரே ஒரு பையோடு வந்து நின்ற ரெனிட்டாவை நினைத்தார். சுடலை ஏதோ கேலி பேச வந்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் டயருக்குத் திரும்பிப் போனார்.

“என்ன அண்ணாச்சி?”

“ஒண்ணுமில்லை.”

“அப்ப வேலையைப் பாருங்க. மணியாகுது.”

கருகிய இடத்தை வெட்டினார். இரு முனைகளையும் சேர்த்து ஈயத்தால் பற்ற வைத்தார். முதல் பற்று உதிர்ந்தது. இது என்ன பற்று, மூக்கைச் சிந்திப் போட்ட மாதிரி என்று திட்டு விழுந்தது. மறுபடி வைத்தார். மேலே உறை மாட்டினார். வயர்களைக் கூட்டை விட்டு விலக்கி ஓரமாகக் கட்டினார். வெள்ளித்தாள் சுற்றியதை உருவி எறிந்துவிட்டுப் புது நீல ஃபியூஸைப் போட்டார்.

“பதினஞ்சே போதுமா?” என்று இசக்கியம்மாள் கேட்டார்.

“போதும்.”

இந்தத் தடவை செட்டு ஒரு விரல் தள்ளலில் உள்ளே போய் அமர்ந்தது.

கிளாம்பை மாட்டினார். பாட்டு ஓடியது. கதவை மூன்று தடவை ஓங்கிச் சாத்தினார். டாஷ்போர்டில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். குளிர்ந்தே இருந்தது.

“வழியில மறுபடி போயிட்டா?”

“போகட்டும்.”

“போனா என்ன செய்ய?”

“ஓரமா நிறுத்துங்க. ஃபியூஸைத் திட்டாதீங்க.”

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தபோது ஒரு ஆட்டோ வந்து நின்றது. ரெனிட்டா இரண்டு பெட்டிகளோடு இறங்கினாள். நேரமாகிவிட்டதென்று அம்மா அவளை நேராக இங்கேயே அனுப்பிவிட்டாள். தனிஸ்லாஸ் பெட்டியைத் தூக்கப் போனார். அவள் கொடுக்கவில்லை. இரண்டையும் தானே டிக்கியில் வைத்து மூடினாள்.

“என்ன கருகுற வாடை?”

“வயரு.”

அவள் முன்சீட்டில் ஏறி சீட் பெல்ட்டைப் போட்டாள். பையை மடியில் வைத்து இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். ரோட்டைப் பார்த்தபடியே, அந்தப் பேச்சை எடுக்கமாட்டேன் என்று அம்மாவிடம் கொடுத்த வாக்கு நினைவிருக்கிறதல்லவா என்று கேட்டாள். இருக்கிறது என்றார்.

தனிஸ்லாஸ் வண்டியைக் கிளப்பினார். செட்டைப் போட்டார். பாட்டு வந்தது. கூட்டினார். வண்டி முழுக்க நிரம்பியது. இப்படியே போனால் அருப்புக்கோட்டை வரும், விமான நிலையம் வரும், யாரும் யாரிடமும் எதுவும் பேச வேண்டியிருக்காது.

கியரில் வைத்த கையை எடுத்தார்.

பாட்டை நிறுத்தினார். எஞ்சினையும் நிறுத்தினார்.

ரெனிட்டாவின் விரல்கள் பையின் வாரில் இறுகின.

“ரெனி.”

அவள் திரும்பவில்லை.

“அந்த வீட்டில உனக்கு என்னம்மா நடந்துச்சு?”

கொட்டகைக்குள் இசக்கியம்மாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

பக்கத்தில் சீட் பெல்ட் கழன்று சுருண்டது.

தனிஸ்லாஸ் ஸ்டீரிங்கை இரு கைகளாலும் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். கதவு திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

அது வரவில்லை.