கொடி வந்த பக்கம்

ஆற்றுக்கு நடுவே இருந்த மடத்தில் இரண்டு மணிகள். எதிர்க்கரைக் கம்பத்தில் வெள்ளைக் கொடி ஏறினால் வலக் கயிற்றை இழுக்க வேண்டும், படகு புறப்படலாம். சிவப்பு ஏறினால் இடக் கயிறு. மேலே அணையைத் திறந்துவிட்டார்கள், யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது என்று அதற்குப் பொருள்.

இரண்டு கயிறுகளுக்கும் நடுவில், கம்பத்துக்கு நேரெதிரே, சீடர் மாசிலாமணி உட்கார்ந்திருப்பார். ஐம்பதைத் தாண்டியவர். குரு மங்கையம்மை அவரைவிட இளையவர்.

அன்று சிவப்பு ஏறியது. மாசிலாமணி வலக் கயிற்றை இழுத்துவிட்டார். மணியை நம்பிப் புறப்பட்ட படகு வெள்ளத்தில் சுழன்று, பாறையில் மோதி, எப்படியோ கரை ஒதுங்கியது.

படகோட்டி செவத்தையன் வேட்டியைப் பிழிந்தபடி மேலே வந்தார்.

"கூலி வாங்காம மோட்சத்துக்கு அனுப்புற ஆளு நீங்க ஒருத்தர்தான் சாமி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிழிந்த வேட்டியையே மறுபடி பிழிந்தார்.

மாசிலாமணி குருவிடம் போனார்.

"வேற யாரையாவது உட்கார வைங்கம்மா. சிவப்புன்னு தெரிஞ்சுது. இடக் கயிறுன்னும் தெரிஞ்சுது. கை வலப்பக்கம் போயிடுச்சு. அடுத்த தடவை யாராவது செத்துப்போவாங்க."

"வெள்ளைக்கு எப்பவாவது பிசகியிருக்கா?"

"இல்லை."

மறுநாள் மங்கையம்மை ஓசை எழாதபடி மணி நாக்குகளில் துணியைச் சுற்றினார். முற்றத்தின் விளிம்பில், கம்பத்துக்கு நேராகச் செவத்தையனை நிறுத்தி, சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு துண்டுகளைக் கொடுத்தார்.

"ஐயா, அவரையே பாருங்க," என்றார் மாசிலாமணியிடம்.

சிவப்புத் துண்டு உயர்ந்தது. இடக் கயிறு. மறுபடியும் சிவப்பு. மறுபடியும் இடக் கயிறு. பிசகவே இல்லை.

"இப்ப தினம் எப்படி உட்காருவீங்களோ, அப்படி உட்காருங்க."

உட்கார்ந்தார். வெயில் ஏறியது. செவத்தையன் கொட்டாவி விட்டார். பிறகு சட்டென்று சிவப்பை உயர்த்தினார்.

மாசிலாமணியின் கை வலக் கயிற்றை இழுத்தது.

"துண்டு எந்தப் பக்கம் வந்துது?" என்றார் குரு.

"வலப்பக்கம்."

"நான் நின்ன இடத்தை விட்டு நகரவே இல்லையே சாமி!" என்றார் செவத்தையன்.

மங்கையம்மை சீடரின் அருகில் வந்து உட்கார்ந்தார். அவர் முகம் இருந்த திசையில் தன் முகத்தையும் திருப்பினார். இடக்கோடியில் ஆறு வளைந்து மறைந்தது. கோரைப் புல். வேறொன்றும் இல்லை.

"அங்கே என்ன?"

மாசிலாமணி சொன்னார். "பொன்னரசு போன வழி. ரெண்டு பேரும் ஒரே படகிலதாம்மா சீடரா இங்கே வந்தோம். போறேன்னு ஒரு வார்த்தை சொல்லலை. அந்த வளைவுல படகு திரும்பினப்போ முதுகு மட்டும் தெரிஞ்சுது."

குரு தலையைத் திருப்பிக் கம்பத்தைப் பார்த்தார்.

"அங்கேயே பார்த்துக்கிட்டிருந்தா, நேரா வர்றதும் வலப்பக்கமாத்தான் வருது," என்றார் மாசிலாமணி மெதுவாக. "இனிமே பார்க்கலைம்மா."

"முடியுமா?"

கோரைப் புல் காற்றில் சாய்ந்து எழுந்தது.

"முடியாது," என்றார். "அதனாலதான் சொல்றேன், வேற ஆளை வைங்க."

மங்கையம்மை எழுந்தார். மணி நாக்குகளில் சுற்றிய துணியை அவிழ்த்தார்.

"அந்த வளைவையே பாருங்க, ஐயா. கொடி ஏறினா முதல்ல கம்பத்துக்கு நேரா முகத்தைத் திருப்பி இங்கே வாங்க. வந்து சேர்ந்தப்புறம் கயித்தைத் தொடுங்க."