பேர் சொல்லாதவள்

கடைசி உருண்டை மட்டும் கையை விட்டுப் போகவில்லை.

அப்பாவுக்கு, அம்மாவுக்கு, தாத்தாவுக்கு, மனைவி வடிவாம்பாளுக்கு என்று போட்ட உருண்டையெல்லாம் ஆற்றில் கரைந்துவிட்டது. மிச்சம் ஒன்று. அது அம்பலவாணனுக்கே. துறவு வாங்குகிறவர் தனக்குத்தானே பிண்டம் போட்டால்தான் காவி. சும்மா சோறும் எள்ளும்தான். இருந்தாலும் இடுப்பளவுத் தண்ணீரில் அதைப் பிடித்தபடியே நின்றார்.

படியில் மடத்து அம்மா காவித் துணியோடு நின்றாள். அவரைவிட வயதில் சின்னவள். அவருக்குக் குரு அவள்தான்.

“விடுங்க. விட்டுட்டுத் திரும்பிப் பார்க்காம ஏறி வாங்க. திரும்பினா காவி கிடையாது.”

“முடியலம்மா.”

“சாகப் பயமா?”

“அதெல்லாம் இல்ல. நான் போயிட்டா வடிவை யாரு நினைப்பா? பிள்ளையும் இல்ல. அவ இருந்ததுக்கு நான் ஒருத்தன்தான் மிச்சம்.”

அம்மா அவசரப்படுத்தவில்லை. காலைத் தண்ணீரில் விட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

“அவங்க உங்களை அம்பலவாணன்னு கூப்பிடுவாங்களா?”

“புருஷன் பேரைச் சொல்லுவாளா? சிதம்பரத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். சாமிக்கும் அதே பேராச்சே. அங்கேயும் வாயை மூடிட்டுத்தான் கும்பிட்டா.”

“பின்னே எப்படிக் கூப்பிடுவாங்க?”

“‘இந்தாங்க.’ அவ்வளவுதான். கடைசிவரைக்கும்.”

“நீங்க?”

“திரும்புவேன்.”

“பேரே சொல்லாம கூப்பிட்டா, யாரு திரும்பினது?”

அவர் கையிலிருந்த உருண்டையைப் பார்த்தார்.

“உருண்டை அம்பலவாணனுக்கு” என்றாள் அம்மா. “அவங்க அந்த ஆளை ஒருநாளும் கூப்பிடலையே.”

கை தானாகத் தளர்ந்தது. சோறு பிரிந்து போனது. மீன்கள் வந்து கொத்தின. அவர் முங்கி எழுந்தார். ஆற்றுக்கு முதுகைக் காட்டிப் படியைப் பார்த்து நடந்தார்.

பின்னால், துவைக்கிற கல்லில் நின்ற ஒருத்தி தன் புருஷனைக் கூப்பிட்டாள்.

“இந்தாங்க.”

அந்தப் புருஷன் திரும்பினான். அம்பலவாணனும் திரும்பினார்.

போச்சு. காவி போச்சு. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு படிப் பக்கம் பார்த்தால், அம்மாவும் கழுத்தைத் திருப்பி அந்தக் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுந்து, சேலை நனைய இறங்கி வந்தாள். காவியை நீட்டினாள்.

“இப்பத் திரும்பினது யாருன்னு சொல்லிட்டு வாங்கிக்குங்க.”

அவர் ஈரக் கையை நீட்டினார். பேர் எதையும் சொல்லவில்லை.