தனி ஆவர்த்தனமும் பஜ்ஜியும்

கடைசியில் சிரிப்பு உண்டு, சத்தியம். ஆனால் இப்போது வேண்டாம். இப்போது ஒருவர் அழுதுகொண்டிருக்கிறார்.

அழுபவர் சாரநாதன். மிருதங்க வித்வான். முன்வழுக்கை, இரண்டு பிள்ளைகள்.

எதிரே அவருடைய குரு அபயாம்பாள் டீச்சர், நாதம் கனமாக வர மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் பிசைந்த ரவையை அப்பிக்கொண்டிருந்தார்.

"விட்டுடறேன் டீச்சர். மச்சான் டைல்ஸ் கடைக்குக் கூப்பிடறான். இன்னிக்குக் கச்சேரிதான் கடைசி."

"ஏன்?"

"என் தனி ஆரம்பிச்சதும் சபாவே எழுந்து கேன்டீனுக்குப் போகுது. இதை நம்பி எப்படிப் பொழைக்கிறது?"

பாட்டு ஓய்ந்து மிருதங்கம் மட்டும் பேசும் நேரம் தனி. ஊர் வழக்கப்படி காபிக்கும் அதுதான் நேரம்.

டீச்சர் யோசித்தார். நிதானமாக யோசித்தார். (சிரிப்பா? பொறுங்கள்.)

"பொழைக்க வழி இருக்கு. கேன்டீன் கோதண்டம் உனக்கு மாசச் சம்பளம் தரேங்கறார்."

"எதுக்கு?"

டீச்சர் கோதண்டத்தின் மூக்குக்குரலுக்கு மாறினார். "'சாரநாதன் தம்பி வாசிச்சா ஒருத்தன் உள்ள உக்காரமாட்டான். என் பஜ்ஜி பூரா போயிடும். கொஞ்சம் நீட்டி வாசிக்கச் சொல்லுங்க டீச்சரம்மா.'"

அழுகை நின்றது. காது சிவந்தது.

"அவர்கிட்ட போய்க் கேட்டுடாதே," என்றார் டீச்சர். "கூச்சப்படுவார்."

சாயங்காலம். பாட்டு ஓய்ந்தது. இரண்டாம் வரிசையில் ஒருவர் எழுந்தார்.

தோம்.

பாதி எழுந்தவர் பாதியிலேயே நின்றார்.

வாசித்தது இரண்டு கை. கேட்டது நாலு. கோபத்தில் தொடங்கிய வாசிப்பு, நடுவில் எங்கோ கோபத்தை மறந்துவிட்டது. பின்னாலிருந்தவர்கள் "உக்காருங்க சார்" என்று சொல்லக்கூட மறந்தார்கள்.

கச்சேரி முடிந்ததும் அந்தப் பாதி மனிதர் மேடையருகே வந்தார். பக்கத்து ஊர் சபாவின் செயலாளராம். மார்கழியில் தேதி காலியா என்று கேட்டார்.

அவரை இடித்துக்கொண்டு கோதண்டம் வந்தார். கையில் தட்டு நிறைய ஆறிய பஜ்ஜி.

"என்னா தம்பி இது? ஒரு ஆள் வெளிய வரல. எண்ணெய் காஞ்சதுதான் மிச்சம். யார் திம்பா இதை?"

"உங்க மாசச் சம்பளத்துக்கு நான் ஆள் இல்லீங்க."

"எந்தச் சம்பளம்?"

"எங்க டீச்சர்கிட்ட சொல்லி விட்டீங்களே."

"நானா? உங்க டீச்சர்கிட்ட நான் பேசியே ஒரு வருஷமாச்சே தம்பி."

சாரநாதன் மெல்லத் திரும்பினார்.

முன்வரிசையில் டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள்கள் மட்டும் குலுங்கின.

"டீச்சர்..." என்றார் சாரநாதன்.