பூனைக்கண்ணுக்குக் கிடைத்த கோப்பை

கொட்டப்பட்டிப் பள்ளி அறிவியல் மன்றத்துக்கு ஞானமுத்துதான் தலைவன். மூளை கொஞ்சம் கம்மி என்றாலும் ஆசைக்குக் குறைச்சலில்லை. வீட்டில் டிவி மேஜை மேல் அவன் அக்கா வாங்கிய அறிவியல் கோப்பை நின்றது. வருகிறவர் போகிறவரெல்லாம் அதைப் பார்த்துவிட்டு, "நீ என்னப்பா வாங்கினே?" என்று கேட்டுத் தொலைப்பார்கள். அதற்காகவே பயலுக்கு ஒரு கோப்பை வேண்டியிருந்தது.

"எந்த நிறக் கண்ணுக்குப் பார்வை நல்லா இருக்குன்னு சோதிங்க" என்றார் அமலா டீச்சர். "எல்லாருக்கும் எல்லாமே ஒரே மாதிரி இருக்கணும். இல்லேன்னா கண்காட்சிக் கோப்பையை மறந்துடுங்க."

எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டினார்கள். மன்றத்தில் மொத்தம் நாலு பேர். மூன்று பேருக்குக் கறுப்புக்கண். சொக்கலிங்கத்துக்கு மட்டும் பூனைக்கண், அதன்மேல் சோடாபுட்டிக் கண்ணாடி.

"இவன் மட்டும் கண்ணாடி போட்டிருக்கானே, இது ஒரே மாதிரியா?" என்றாள் மரகதவல்லி.

ஞானமுத்து மோவாயைத் தடவினான். "அப்போ எல்லாரும் அதையே போட்டுப் பார்ப்போம்."

அடேயப்பா, தலைவன்னா தலைவன்தான்!

ஞானமுத்து போட்டான். அட்டை எது, சுவர் எது என்றே தெரியவில்லை. மரகதவல்லி போட்டுக்கொண்டு தூணுக்கு வணக்கம் சொன்னாள். பிச்சையா பெஞ்சு என்று நினைத்துத் தண்ணீர் வாளியில் உட்கார்ந்தான். சொக்கலிங்கம் மட்டும் கடைசி வரிவரை கடகடவென்று வாசித்தான்.

முடிவைக் கொட்டை எழுத்தில் அட்டையின் அடியிலேயே எழுதினார்கள்: 'பூனைக்கண்ணுக்குப் பார்வை உண்டு. கறுப்புக்கண்ணுக்குக் கிடையாது.'

மரகதவல்லிக்கு அழுகையே வந்துவிட்டது. "இத்தனை நாளா தெரியுதுன்னு நம்பி ஏமாந்துட்டேனே!"

"சோதிச்சாச்சு. இனிமே தெரிஞ்சாலும் தெரியாதுதான்" என்று தேற்றினான் ஞானமுத்து.

கண்காட்சியன்று, சோதனைக் கருவியாயிற்றே என்று கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்துப் பசை போட்டு ஒட்டினார்கள். பார்வையில்லாத மூவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பார்வையுள்ள ஒரே ஆளான சொக்கலிங்கத்தின் சட்டையைப் பிடித்து நடந்தார்கள். அவனும் தடவித் தடவிப் போய், பெருங்கூட்டம் தெரிந்த இடத்தில் நின்றான். அது மாட்டுச்சந்தை.

அட்டையை விரித்துப் பிடித்தார்கள்.

"நடுவர் வர்றார்டா. வெள்ளை டிரெஸ். நல்ல தாட்டியான ஆளு" என்றான் சொக்கலிங்கம்.

"என்ன பண்றார்?" கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டு கேட்டான் ஞானமுத்து.

"கிட்ட வந்து பார்க்கறார்... அட, அட்டையை மென்னு திங்கறார்!"

"அவ்வளவு பிடிச்சுப்போச்சா! ஐயா, அப்போ கோப்பை?"

"திரும்பிட்டார். ஏதோ தரப்போறார் போல. கையை நீட்டு!"

ஞானமுத்து கண்ணைத் திறக்காமலே இரண்டு கையையும் ஏந்தினான். பொத்தென்று விழுந்தது.

"சூடா இருக்குடா" என்றான் தழுதழுத்த குரலில். "நமக்காக இப்பத்தான் செஞ்சிருக்காங்க."

அக்கா கோப்பைக்குப் பக்கத்தில் அது இன்றைக்கும் இருக்கிறது. இப்போதெல்லாம் அந்த வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை; மூக்கைப் பிடித்துக்கொண்டு எப்படிக் கேட்பது?