கழற்றக் கூடாத கட்டில்

“அம்மா, ஒரு கட்டில் வாசல்ல மாட்டிக்கிச்சு. என்ன பண்றதுன்னு சொல்லுங்க.”

மாசிலாமணி ஓடி வந்த மூச்சோடு கேட்டார்.

தையல்நாயகி அம்மாள் மடத்து வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மலைக்குப் போகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுகிற சின்ன மடம் அது. அம்மாளுக்கு அவரைவிட வயது குறைவு. ஆனாலும் மனசு சரியில்லை என்றால் மாசிலாமணி வருவது இங்கேதான்.

“கட்டில் மாட்டினா ஆசாரிகிட்ட போங்க.”

“அந்த ஆசாரியே நான்தானே, அம்மா.”

“சரி. செருப்பைக் கழட்டிட்டு உக்காருங்க.”

வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு கிடந்தது. மாசிலாமணி அதில் உட்கார்ந்தார். அவரே செய்து மடத்துக்குக் கொடுத்த பெஞ்சுதான். ஒரு பலா மரத்தை இரண்டாகப் பிளந்து, ஓரத்துப் பட்டையைக்கூடச் சீவாமல் கால் வைத்தது. அவர் செய்கிற சாமான் எல்லாம் அப்படித்தான். மரம் எப்படி வளைந்ததோ அப்படியே விடுவார். நாலு பேர் பிடித்தால்தான் நகரும்.

செய்வதும் அவர், விற்பதும் அவர். டெம்போவில் ஏற்றிப் போய் இறக்குவது அவருடைய ஆட்கள்.

“யார் வீட்டு வாசல்?”

“அங்கம்மா வீடு. அவங்க மகனுக்கு இன்னைக்குக் காலையில கல்யாணம். பொண்ணோட அப்பா பொன்னுரங்கம், சீர்க் கட்டிலை என்கிட்டதான் வாங்கினார். இருக்கிறதுலயே பெருசா.”

அந்தப் பக்கத்து வழக்கம் அது. சீர்க் கட்டில் முதலில் வீட்டுக்குள் போக வேண்டும். பெண் பிறகுதான் படி ஏறுவாள்.

“பொண்ணு எங்கே?”

“எதிர் வீட்டுல உக்கார வச்சிருக்காங்க. மாலையைக்கூடக் கழட்டல. விளக்கு வைக்கிறதுக்குள்ள கட்டில் உள்ள வரலைன்னா, பொண்ணையும் அதே டெம்போவுல ஏத்திக்கிட்டுப் போங்கன்னு அங்கம்மா சொல்லிட்டாங்க.”

அம்மாளின் கை நின்றது.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்க ஆரம்பித்திருந்தது.

“வாசல் நிலையைப் பெயர்க்கலாமே?”

“மஞ்சள் பூசிப் பொட்டு வச்ச நிலை. கல்யாணத்தன்னைக்கு அதுல யார் கடப்பாரையை வைப்பா?”

“அப்ப கட்டிலைக் கழட்டுங்க.”

மாசிலாமணி பெஞ்சின் பட்டையை நகத்தால் சுரண்டினார்.

“முடியாதா?”

“முடியும். உளியை வச்சு மூட்டுல அடிச்ச ஆப்பை எடுத்தா கால் வேற, சட்டம் வேறன்னு வந்துடும். ஆனா கழட்டக் கூடாதும்மா.”

“ஏன்?”

“சீர்க் கட்டில்ல ஆப்பை எடுத்தா குடித்தனம் நிலைக்காதுன்னு சொல்வாங்க.”

“யார் சொல்வாங்க?”

“ஊர்ல சொல்வாங்க.”

“ஊர்ல யாரு?”

மாசிலாமணி கீழே கிடந்த வேப்பம்பழத்தைக் காலால் தேய்த்தார். தோல் உரிந்து கொட்டை வெளியே வந்தது.

“நான்தான்.”

அம்மாள் மறுபடியும் கீரையை எடுத்தார்.

“டவுன்ல இரும்புக் கட்டில் கடை வந்துச்சு. எல்லாம் நட்டு போல்ட்டு. ஒருத்தரே கழட்டி, ஒருத்தரே தூக்கிட்டுப் போகலாம். என் கட்டிலைப் பாத்து, இந்தக் கனத்தை எவன் தூக்குவான்னு கேட்டுட்டுப் போயிடுவாங்க. ஒரு நாள் ஒரு பொண்ணோட அப்பாகிட்ட சும்மா சொன்னேன். இது ஆப்படிச்ச கட்டில், கழட்டவே கூடாது, இதுல படுத்தாத்தான் குடித்தனம் நிலைக்கும்னு. உடனே வாங்கிட்டார். அப்புறம் வந்தவங்க எல்லார்கிட்டயும் அதையே சொன்னேன். இப்ப ஊரே சொல்லுது. எனக்கே பயமா இருக்கு.”

“இப்ப எதுக்கு இங்க வந்தீங்க?”

“நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. கழட்டலாம், தோஷமில்லைன்னு. நீங்க சொன்னா ஊர் கேக்கும்.”

“கேக்கும்.”

“அதுதானே அம்மா வேணும்?”

அம்மாள் அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சைக் காட்டினார்.

“இந்த பெஞ்சு ஏன் வெளியில கிடக்குன்னு தெரியுமா?”

“நீங்க காத்தாட உக்கார்றதுக்கு.”

“வயசானவங்க உள்ள உக்காந்து கஞ்சி குடிக்கட்டும்னு கேட்டேன். இந்த வாசல்ல நுழையல.”

மாசிலாமணி மடத்து வாசலைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, அது சாம்பல் நிறமாகியிருந்தது. எத்தனையோ தடவை அதில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

“சொல்லவே இல்லையே அம்மா.”

“இறக்கினதும் டெம்போ கிளம்பிடுச்சு.”

அம்மாள் எழுந்தார். மாசிலாமணி கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் கையில் எடுத்தார். தெருவைப் பார்க்கத் திருப்பி, அவர் காலடியில் வைத்தார்.

மாசிலாமணி பதறி எழுந்துவிட்டார்.

“அம்மா, நீங்க போய் என் செருப்பை…”

“பொழுது சாயுது.”

அம்மாள் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தெருவில் கட்டில் ஒருக்களித்துக் கிடந்தது. ஒரு கால் மட்டும் அங்கம்மாள் வீட்டு நிலைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஒரே கூட்டம்.

“குடித்தனத்தைத் தெருவுலயே வைக்கச் சொல்லுங்கப்பா, நல்லா காத்தோட்டமா இருக்கும்” என்றான் ஒருவன். சில பேர் சிரித்தார்கள்.

பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. தோள் துண்டைக் கையில் பிடித்தபடி, தப்புப் பண்ணினவர் மாதிரி நின்றார்.

மாசிலாமணி டெம்போவிலிருந்து உளியையும், கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலையும் எடுத்து வந்தார். உளியைக் கட்டில் காலில் வைத்தார்.

பொன்னுரங்கம் பாய்ந்து வந்து கையைப் பிடித்தார்.

“வேண்டாங்க. என் மக வாழணும்ங்க. நீங்கதானே சொன்னீங்க?”

“நான்தான் சொன்னேன்.”

“அப்புறம்?”

மாசிலாமணி கூட்டத்தைப் பார்க்கத் திரும்பினார்.

“விக்கிறதுக்காகச் சொன்னேன்ங்க. அப்படி ஒரு சாத்திரமும் இல்ல.”

பொன்னுரங்கம் பிடித்த கையை விட்டார்.

“அப்ப என் தங்கச்சிக்கு வாங்கினது?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

“அவங்ககிட்டயும் அதையேதான் சொன்னேன்.”

“தை மாசத்துக்கு நான் ஒண்ணு சொல்லி வச்சிருக்கேனே, அது எனக்கு வேண்டாம்யா” என்றார் இன்னொருவர்.

“சரிங்க.”

அங்கம்மாள் படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் போன பிறகு தனியாக ஒரே மகனை வளர்த்தவள்.

“ஏன்யா மாசிலாமணி. அன்னைக்குச் சொன்னது விக்கிறதுக்கு. இன்னைக்குச் சொல்றது தப்பிக்கிறதுக்கு. இதுல எதைய்யா நான் நம்புறது?”

மாசிலாமணியின் கையில் உளி அப்படியே இருந்தது.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

கல்யாணப் பெண் செங்கமலம் மாலையோடு இறங்கி வந்தாள். காலையிலிருந்து குனிந்தே இருந்த கழுத்தில் மாலை நார் அறுத்துச் சிவந்திருந்தது. கட்டிலின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அதன் காலை இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, அடிங்க.”

“அடியே!” என்றாள் அங்கம்மாள். “ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?”

“படுக்கப் போறவ நான்தானே அத்தை.”

மாசிலாமணி அடித்தார். முதல் அடிக்கு ஆப்பு அசையவில்லை. அவர் அடித்த ஆப்பு. அடுத்தடுத்து அடித்தார். அது பெயர்ந்து வந்து மண்ணில் விழுந்தது. கால் தனியாகச் செங்கமலத்தின் கைக்கு வந்தது.

ஒருவரும் அதை வாங்க முன்னால் வரவில்லை.

அவளே அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள். மாலை நசுங்கியது. நடந்துபோய்ப் படிக்கு முன்னால் நின்றாள். ஏறவில்லை. மாமியார் முகத்தைப் பார்த்தாள்.

அங்கம்மாள் அவளைப் பார்த்தாள். அவள் கையில் இருந்த கட்டில் காலைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். அவன் இன்னொரு காலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தான்.

“ரொம்பக் கனமா?”

“கனம்தான் அத்தை.”

அங்கம்மாள் இறங்கி வந்து மறு முனையைப் பிடித்தாள்.

“வலது காலை எடுத்து வச்சு வா.”

இரண்டு பேருமாக அதை உள்ளே கொண்டுபோனார்கள்.

மாசிலாமணி மற்றதையும் கழற்றி, உள்ளே போய்க் கட்டிலைச் சேர்த்துக் கொடுத்து வெளியே வந்தபோது, அந்த வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரும் அவரை இருந்து சாப்பிடச் சொல்லவில்லை. பொன்னுரங்கம் மட்டும் டெம்போ வரைக்கும் கூட வந்தார். பிறகு திரும்பிப் போனார்.

சில நாள் கழித்து மாசிலாமணி மறுபடியும் மடத்துக்கு வந்தார். உளியும் கொட்டாப்புளியும் கொண்டுவந்திருந்தார். பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு, கால்களைக் கழற்ற ஆரம்பித்தார்.

அம்மாள் பக்கத்தில் நின்று பார்த்தார்.

“கடைக்கு ஒருத்தரும் வரலம்மா” என்றார் மாசிலாமணி, தலையைத் தூக்காமல். “வந்த ஒருத்தரும், இப்ப என்ன கதை வச்சிருக்கேன்னு கேட்டுட்டுப் போயிட்டார்.”

அம்மாள் கழன்ற காலை எடுத்துச் சுவரோரம் சாத்தினார்.

“வீட்டுலயும் கேக்குறா. சொல்லாமயே இருந்திருக்கலாமேன்னு.”

கடைசிக் காலும் கழன்றது. அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“இனிமே நான் என்ன சொல்லி விப்பேன், அம்மா?”

“அன்னைக்கு அங்கம்மா வீட்டுக்குள்ள எதைக் கொண்டுபோய் வச்சீங்க?”

“கட்டிலை.”

அம்மாள் குனிந்து பலகையின் ஒரு முனையைப் பிடித்தார். அவர் மறு முனையைப் பிடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

மாசிலாமணி பிடிக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.

“கட்டில்” என்று இன்னொரு தடவை, வாடிக்கையாளரிடம் சொல்வது போல, மெல்லச் சொல்லிப் பார்த்தார்.