தேய்த்த காசும் தேய்க்காத காசும்

ஜரீனா பேகம் பழைய வெள்ளிக்காசுகளுக்கு மதிப்புச் சொல்பவர். திருச்சிக் கடைவீதியில், மாடியில், ஒரே ஓர் அறை. அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்த கோதண்டபாணி ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். குருவைவிட வயதில் மூத்த சீடர்.

அன்று சாயங்காலம், கண் வலிக்கிறதென்று ஜரீனா காசு பார்க்கும் லென்ஸைக் கழற்றி வைத்திருந்தார். அப்போது இருவர் படியேறி வந்தார்கள். அண்ணன் அமிர்தலிங்கம், தங்கை வேதவல்லி. இறந்துபோன அப்பாவின் வெள்ளி ரூபாய்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டவர்கள். நல்ல காசெல்லாம் மற்றவர் பங்குக்குப் போய்விட்டதென்று இருவருக்குமே சந்தேகம். பேச்சு நின்று ஒரு வருஷமாகிவிட்டது. பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள்.

அண்ணனின் காசுகள் பளபளத்தன. தங்கையின் காசுகள் கறுத்துக் கிடந்தன.

“பல்பொடி போட்டு நானே தேய்ச்சேன். பார்வையா இருந்தா நல்ல விலை வரும்ல,” என்றார் அமிர்தலிங்கம்.

ஜரீனா லென்ஸை மறுபடி மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு காசாக எடுத்தார், திருப்பினார், வைத்தார். முடித்ததும் திரும்பவும் முதலிலிருந்து எடுத்தார்.

கோதண்டபாணிக்குப் பொறுக்கவில்லை. காசு சேகரிப்பவர்கள் தேய்த்த காசைத் தொடமாட்டார்கள், உருக்குகிற வெள்ளியின் விலைதான் கிடைக்கும் என்று வந்த முதல் வாரமே கற்றிருந்தார். சொல்ல வாயெடுத்தார். ஜரீனா கையசைத்துத் தடுத்தார்.

அந்த அசைவில் ஒரு காசு தரையில் விழுந்து கணீரென்றது.

“வெள்ளி,” என்றாள் வேதவல்லி, தன்னையறியாமல்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். “அப்பா நம்மளக் கண்ண மூடச் சொல்லிட்டு இப்படித்தான் காசைப் போட்டு, சத்தத்த வச்சு என்ன காசுன்னு கேப்பாரு.”

“நீ ஓரக்கண்ணால பார்ப்ப.”

“நீ மட்டும்?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றிப் பேசினார்கள். கடைசி ராத்திரி அப்பா அண்ணனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அவள் சொன்னாள். அமிர்தலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது அவருக்கு அதுவரை தெரியாது.

ஜரீனா கடைசிக் காசையும் வைத்தார். விலையைச் சொன்னார். தங்கையின் பங்கு அண்ணனுடையதைப்போலப் பல மடங்கு. காரணத்தையும் சொன்னார்.



“அப்ப எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு மறுபடி பிரிக்கணும்,” என்றார் அமிர்தலிங்கம்.

“நானா தேய்க்கச் சொன்னேன்?”

வேதவல்லி பையை முடிந்துகொண்டு கீழே இறங்கினாள். அவள் தெருவுக்குப் போய்ச் சேரும்வரை காத்திருந்துவிட்டு அண்ணனும் போனார்.

“பார்த்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமேம்மா. எதுக்கு இவ்வளவு நேரம்?” என்று கேட்டார் கோதண்டபாணி.

“கொஞ்சம் பேசட்டுமேன்னுதான் சார்.”

“கடைசில சண்டையிலதானே முடிஞ்சுது.”

“பெரும்பாலும் அப்படித்தான் முடியும்.” ஜரீனா கண்களை மூடி விரலால் அழுத்திக்கொண்டார்.

“அதுக்கு முதல்லயே விலையைச் சொல்லி அனுப்பியிருக்கலாமே.”

“விலையைச் சொல்லிட்டா யாரும் உட்கார மாட்டாங்க, சார்.”