மஞ்சள் குடித்த தட்டு

குருவுக்கு வயசு முப்பத்தாறு, சிஷ்யருக்கு ஐம்பத்தெட்டு. இப்படியும் உண்டா என்று கேட்காதீர்கள், உண்டு. செந்தூர்பாண்டி பரம்பரைச் சித்த வைத்தியர். ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிற மஞ்சள் உள்ளே போய் என்னதான் செய்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. அதற்காகவே ஆய்வுக்கூடத்தில் ஜெசிந்தா டீச்சரிடம் வந்து சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது.

அந்தத் திங்கட்கிழமை டீச்சர் அவரை நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்தார். வட்டத் தட்டில் தோல் புற்றின் செல்கள். மஞ்சளின் சத்தான குர்குமினில் இரண்டு நாள் ஊறியவை.

வைத்தியர் குனிந்து பார்த்தார். கை கால் பரப்பி வளர்ந்திருந்தவை இப்போது சுருங்கி, உருண்டு, குமிழ் குமிழாகத் தாங்களே உடைந்துகொண்டிருந்தன. யாரும் வெட்டவில்லை, சுடவில்லை.

"ஏ யப்பா!"

கையுறையோடேயே கும்பிட்டுவிட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"இது யாருன்னே தெரியாம, இத்தன காலம் குழம்புல போட்டுத் தின்னுக்கிட்டு இருந்திருக்கோமே டீச்சர்!"

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு செல்போனை எடுத்தார்.

"யாருக்கு?" என்றார் டீச்சர்.

"தங்கச்சிக்கு. பேச்சிக்குக் குதிகால்ல இதே புத்துதான். வியாழக்கிழமை ஆபரேஷன். கத்தின்னா பயந்து சாவுதா. 'அண்ணன் வேண்டாம்னா நான் போகலை'ன்னு என் வாயவே பாத்துக்கிட்டு இருக்கா. சொல்லிரட்டுமா?"

டீச்சர் தட்டிலிருந்த மஞ்சளை அலசி எடுத்தார். செல்கள் குடிக்கிற சத்துநீரைப் புதிதாக ஊற்றி, கதகதப்பான பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"புதன்கிழமை பாத்துட்டுப் பேசுங்க."

செவ்வாய்க்கிழமை பேச்சி நாலு தடவை கூப்பிட்டாள். வைத்தியர் எடுக்கவில்லை.

புதன்கிழமை காலையில் முதல் ஆளாக வந்து நின்றார். பார்த்தார். தட்டு வெறிச்சென்று கிடந்தது.

"துடைச்சு வச்சாப்ல இருக்கு டீச்சர்! ஒண்ணுகூட இல்ல!"

"நடுவுல பாத்திருக்கீங்க. தட்டை நகர்த்துங்க."

நகர்த்தினார். ஓரத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அங்கே ஒரு சின்னக் கூட்டம். எண்ணினார், எட்டு. கை கால் பரப்பி, பளபளவென்று இருந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று இடுப்பு ஒடுங்கி, இழுபட்டு, மெல்ல இரண்டானது. மேலெல்லாம் புல்லரித்தது அவருக்கு.

"ஒம்போது" என்றார். "இதுவும் மஞ்சள் குடிச்சதுதானே?"

"அதே மஞ்சள். அதே அளவு."

"அப்ப அன்னைக்கு நான் பாத்தது பொய்யா?"

"ஐயோ, பொய்யில்ல. நானும் ஒவ்வொரு தடவையும் மனசுக்குள்ள கும்பிடத்தான் செய்றேன்."

செல்போன் அடித்தது. பேச்சி.

"நான் என்ன சொல்லட்டும் டீச்சர்?"

டீச்சர் அந்தத் தட்டை எடுத்துக் கழிவு டப்பாவில் போட்டார். அடுக்கிலிருந்து புதுத் தட்டு ஒன்றை உருவி அவர் முன்னால் வைத்தார்.

"எனக்கு இன்னொரு தட்டு இருக்கு, வைத்தியரே. உங்களுக்கு எத்தன தங்கச்சி?"